ஓட முடியாதவர்களுக்கு ஒரு ட்ரெட்மில்

டி.எம்.டி. என்றால் வீடு கட்டுகிறவருக்குக் கம்பி ஞாபகம் வரும். நெஞ்சு வலி என்று டாக்டரிடம் போனவருக்கு ட்ரெட்மில் ஞாபகம் வரும் :) நான் சொல்ல வந்தது இரண்டாவது டி.எம்.டி. இன்னும் சரியாச் சொன்னா, அதில் ஏறவே முடியாதவங்களைப் பற்றி.

இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது பல பேருக்கு ஒண்ணும் தெரியாது. இதயத்துக்கு வேலை கூடும்போதுதான் ரத்தப் பற்றாக்குறை வெளியே வரும். அதனால்தான் 1929-ல் நியூயார்க்கில் ஆர்தர் மாஸ்டர் ஆட்களைப் படி ஏறி இறங்க வைத்து நாடி பார்த்தார். 1963-ல் ராபர்ட் புரூஸ் ட்ரெட்மில் சோதனைக்கு ஒழுங்கான முறை வகுத்தார்.

எல்லாம் சரி. முட்டி தேய்ந்தவர்? பக்கவாதம் வந்தவர்? எங்க பெரியம்மா மாதிரி, கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று வருவதற்குள் மூணு தடவை உட்கார்றவங்க?

இதற்கான விடை மூணு இடத்துல தனித்தனியாக் கிடந்தது.

முதலாவது, 1935. அமெரிக்காவில் டெனன்ட், விக்கர்ஸ் இருவரும் நாயின் இதயக் குழாயை அடைத்துப் பார்த்தார்கள். ரத்தம் நின்ற பகுதி மட்டும் கொஞ்ச நேரத்திலேயே சுருங்குவதை நிறுத்திவிட்டது. ஆக, எங்கே அடைப்பு என்று இதயச் சுவரே சொல்லும்.

ஆனா உயிரோடு இருக்கிறவரின் இதயச் சுவரை எப்படிப் பார்ப்பது? அதற்கு ஸ்வீடன் போகணும். லுண்ட் நகரில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்தார்கள். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில், உலோகத்தில் விரிசல் தேடுகிற மீயொலிக் கருவியை ஹெர்ட்ஸ் முயன்று பார்த்தார். 1953 அக்டோபரில் இதயத்தின் எதிரொலியைப் பதிவு பண்ணிட்டாங்க. நாம இன்னைக்கு 'எக்கோ' என்கிறோமே, அதன் ஆரம்பம் இதுதான்.

மூன்றாவது, மருந்து. 1975-ல் எலி லில்லி கம்பெனியின் டட்டில், மில்ஸ் இருவரும் டோபுட்டமின் பற்றி எழுதினார்கள். துவண்டுபோன இதயத்தைத் தூக்கி நிறுத்தத்தான் அதை உருவாக்கினாங்க. சோதனை பண்றதுக்கு இல்லை!

1986-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பெர்த், பியரார் குழுவினர், மாரடைப்பு வந்தவர்களுக்கு டோபுட்டமின் ஏற்றிக்கொண்டே எக்கோ பார்த்தார்கள். மூணும் ஒண்ணாச் சேர்ந்தது.

செய்முறை எளிது. படுத்திருப்பவருக்கு நரம்பு வழியாக, ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி, மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் கூட்டி, 40 வரை போவாங்க. 220-ல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம்தான் துடிப்பின் இலக்கு. 60 வயசுக்காரருக்கு 136. எட்டலைன்னா கொஞ்சம் அட்ரோபின். படபடப்பு வரும், சில சமயம் துடிப்பு தாளம் தப்பும். அதனால டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். மருந்தை நிறுத்தினா சில நிமிஷத்தில் வேகம் அடங்கிடும்.

இதில் முக்கியமான சங்கதி, பெரும்பாலும் சுவர் முதலில் சோம்பும், பிறகு இசிஜி மாறும், வலி கடைசியில்தான் வரும். வலியே தெரியாத சர்க்கரை நோயாளிகளை நினைச்சுப் பாருங்க.

இதயத்தைக் காப்பாற்ற வந்த மருந்தே அதன் ரகசியத்தைக் கறக்கவும் உதவுது. ஓட முடியலை என்பதற்காக ஒருத்தர் சோதனைக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை.

நான் டாக்டர் இல்லை, கதை சொல்றவன். ஆனா உங்க வீட்டில் யாராவது 'டி.எம்.டி. முடியாது' என்று திரும்பி வந்திருந்தா, "வேற வழி இருக்கா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.