குடவோலையும் மூன்றாண்டு விலக்கும்

தருமபுரி மக்களவைத் தொகுதியில் அடங்கிய மேச்சேரியின் வாக்காளர், ஒரே பிரதிநிதியை எத்தனை முறை வேண்டுமாயினும் தில்லிக்கு அனுப்பலாம். அரசியல் சாசனத்தில் அதற்கு வரம்பில்லை. 1976-இல் 42-ஆவது திருத்தம் மக்களவையின் ஆயுளை 6 ஆண்டாக நீட்டியதும், 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை மீண்டும் 5 ஆண்டாக்கியதும் சபையின் காலத்தைப் பற்றியனவேயன்றி உறுப்பினரின் காலத்தைப் பற்றியனவல்ல.

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனமோ, முந்திய 3 ஆண்டுகளில் வாரியம் என்னும் நிர்வாகக் குழுவில் பணி செய்தவரையும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரையும் குடத்திலிட்ட ஓலைகளால் குழுவினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையினின்று விலக்கிற்று. 919-இல் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பை 921-இலேயே 35 முதல் 70 என்று திருத்தியதை நோக்குமிடத்து, விதியை மாற்ற உத்தரமேரூர்ச் சபையார் தயங்கியவரல்லர் என்பது புலனாகும். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணருக்கே உரிய சபை அது. ஆதலின் அதன் பெருமையை அளவோடு பேசுவதே நியாயம். எனினும், அந்த மூன்றாண்டு விலக்கை நம் பாராளுமன்றம் பரிசீலித்தல் தகும்.