தன்னைத் தானே ஒதுக்கும் மனம்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குச் சென்றுவந்த ஒருவருக்கு மனச்சிதைவு நோய் கண்டு, மருந்தால் தணிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் அவர் ஜீப்பில் ஏற மறுக்கிறார். "நான் பைத்தியம், என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்?" என்கிறார். ஊர் சொன்ன சொல்லை அவரே நம்பிவிட்டார். இதைத் தன்னிழிவு எனலாம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 1794-இல் தோன்றிய மனநோயாளர் விடுதி 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. சுவருக்குள் அடைப்பதே அன்றைய வழி. நாளடைவில் அந்த ஊர்ப்பெயரே ஏச்சாயிற்று. 1952-இல் குளோர்புரோமசின் மருந்து வந்தது. பலருக்குக் காதில் கேட்ட குரல்கள் அடங்கின, வெட்கம் அடங்கவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், ஒரு நோயாளியின் பொய்ந்நம்பிக்கையைப் பேச்சால் தளர்த்தியதை எழுதினார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கி மறுவாழ்வுக்கு வழிகோலினார்.

பேச்சு மருத்துவம் செய்வது என்ன? "நான் எதற்கும் உதவேன்" என்பதை முடிவாகக் கொள்ளாமல் கருதுகோளாகக் கொண்டு சான்று கேட்கிறது. "நேற்று ஏலக்காய் தரம் பிரித்தீர்களே!" என்பது மறுசான்று. பிறகு, நோயை ஓர் அத்தியாயமாக மட்டும் வைத்துத் தம் கதையை அவரையே சொல்ல வைக்கிறது. இது மருந்துக்கு மாற்றன்று; துணையே.

வாசகர்களே, பல வாரம் பேசி அகற்றிய அந்தச் சொல்லை நாம் ஒரு நொடியில் மீண்டும் ஒட்டிவிடலாம். ஒட்டாதிருப்பதும் மருத்துவமே.