புகையூட்டும் மரத்தூள் பெல்லட்

மரத்தூள் பெல்லட் என்பது, மர ஆலைகளில் மிஞ்சும் தூளை உலர்த்தி, பெரும் அழுத்தத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள சிறு உருளைகளாகத் திரட்டிய எரிபொருளாகும். அவ்வழுத்தத்தில் எழும் உஷ்ணத்தால் மரத்திலுள்ள லிக்னின் இளகித் தானே பசையாகிவிடுகிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1980-களில் இதனை எரிக்கும் இறைச்சி அடுப்பை உருவாக்கிய பின்னரே, இல்லங்களில் மாமிசத்திற்குப் புகையூட்டும் வழக்கத்தில் இது இடம்பெற்றது.

எந்த மரத்தின் புகை வாசனையைத் தேர்வது என்பதில் மாமிசத்தின் சுபாவமே பிரமாணம். நெடுநேரம் வேகும் மாட்டு நெஞ்சிறைச்சிக்கு ஓக்கும், பன்றியின் தோளிறைச்சிக்கு ஹிக்கரியும் ஈடுகொடுக்கும். டெக்சஸின் வறண்ட பிரதேசங்களில் வளரும் மெஸ்கீட் மிக உக்கிரமானதாகையால், விரைவில் வேகும் மாட்டிறைச்சித் துண்டங்களுக்கே உசிதம். கோழிக்கு ஆப்பிள், செர்ரி மரங்களின் மென்மணம் போதும். பசிபிக் வடமேற்குக் கரையில் சாமன் மீனுக்குத் தொன்றுதொட்டு ஆல்டர் மரத்தையே நாடுவது, மீனின் சொந்த ருசியை அது மறைக்காத காரணத்தாலாகும். பழகாதவர் ஓக்கிலிருந்து தொடங்குவதே உத்தமம்.

உறையை நுணுகிப் படிப்பது அவசியம்: ஆப்பிள் என்று பெயர் பொறித்தவை பலவற்றில் பெரும்பகுதி ஓக் அல்லது ஆல்டர் தூளாகவே இருக்கும். குளிர் காய்வதற்கென விற்கும் பெல்லட்டுகளில் பிசின் மிகுந்த ஊசியிலை மரங்கள் கலந்திருக்குமாதலால், அவற்றை உணவிற்குப் பயன்படுத்தலாகாது. ஈரம் பட்ட பெல்லட் மீண்டும் தூளாகிவிடும்.