பிள்ளைக்குச் சோறு யார் கடன்? நெய்யாற்றின்கரை எல்லையில் ஜீவனாம்சத்தின் வரலாறு

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நெடுஞ்சாலையில் இருப்பது எங்கள் உதியன்குளங்கரை. தெற்கே கொஞ்சம் போனால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். இந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்று வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. அந்த உறவு முறிந்தால் பிள்ளைக்குச் சோறு யார் கடன், அதை அரசு எவ்வளவு தூரம் வாங்கித் தருகிறது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

பழைய திருவிதாங்கூரில் மருமக்கள்வழிக் குடும்பத்துப் பிள்ளை தாயின் தறவாட்டைச் சேர்ந்தது. சோறு அந்தத் தறவாட்டு நிலத்திலிருந்து வந்தது. நாஞ்சில்நாட்டு வேளாளரிடம் தகப்பன் சொத்து மருமகனுக்குப் போகும். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு உண்டு. அதைக் கையில் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. வழக்காடியே குடும்பங்கள் நொடித்துப்போன அவலத்தைக் கவிமணி 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மிய'த்தில் எள்ளி நகையாடினார்.

1912ஆம் ஆண்டு நாயர் சட்டம் மனைவி மக்களைக் காக்கும் கடமையைத் தகப்பன்மேல் வைத்தது. 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் மக்களின் உரிமையை ஏற்றது. இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது: நிலம் ஓடிப்போகாது, தகப்பன் ஓடிப்போகலாம். சோற்றை நிலத்திலிருந்து பிரித்து ஆள்மேல் வைத்தபோது, அந்த ஆளைப் பிடித்து வாங்கித் தரும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது.

அதை அரசு செய்ததா? சட்டத்தில் குறை அதிகமில்லை. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு எல்லா மதத்தவர்க்கும் பொது. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உரிமை தந்தது. நெய்யாற்றின்கரையில் பெற்ற உத்தரவை, ஆள் குழித்துறையில் இருந்தால் அங்கேயே நிறைவேற்றலாம். மாநில எல்லை தடையில்லை. மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு மட்டும் 2001 வரை நீடித்தது வேதனை. 2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 முதல் 147 வரையிலான பிரிவுகளில் உள்ளன.

இடறல் வசூலில்தான். பணம் வராவிட்டால் தாய்தான் மறுபடி மனுப் போட வேண்டும்; அதுவும் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள். வாரண்டு போகும், "ஆள் ஊரில் இல்லை" என்று திரும்பி வரும். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா கடன் தீந்துச்சு" என்று நினைப்பவர் உண்டு. தீராது என்று 1988இல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2020இல் ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில், இருதரப்பும் சொத்து, வருமானக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், மனுப் போட்ட நாள் முதலே தொகை உண்டு, பணத் தீர்ப்பைப் போலவும் இதை வசூலிக்கலாம் என்றது.

ஆஸ்திரேலியா 1988இல் பிள்ளைப் பணத்தை அரசே சம்பளத்தில் பிடித்துத் தரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்கா 1975லேயே இதற்குத் தனித் திட்டம் தொடங்கியது. அங்கும் பாக்கி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் கேட்டு நடப்பது தாய் மட்டுமல்ல, அரசும் நடக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு வசூல் அலுவலகம் இல்லை. உத்தரவு எழுதுவது அரசு, அலைவது தாய்.

ஆகவே என் மதிப்பீடு இது: உரிமை தருவதில் நம் அரசு நன்றாகத் தேறியது, வாங்கித் தருவதில் தேறவில்லை. பிழைப்புக்காக வெளிமாநிலங்களில் சிதறியிருக்கும் நம் குடும்பங்களில் இப்படி ஒரு தாய் இருந்தால், "விட்டுத் தள்ளு, போனது போகட்டும்" என்று சொல்லாதீர்கள். அவர் இருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று சொல்லுங்கள். ஓராண்டுக் கெடுவை நினைவூட்டுங்கள். அந்தப் பணம் தாய்க்குச் செய்யும் தயவு அல்ல, பிள்ளைக்குப் பட்ட கடன்.