தூசியை உறிஞ்சிய பொறி

சுனாபட்டி என்னும் மராத்திப் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். மும்பையின் அப்பகுதியில் வாழும் நாம், காலையில் துடைப்பம் எடுத்ததும் எழும் தூசியை நன்கறிவோம். அதில் ஒரு பகுதி பெருக்குபவரின் மூச்சிலேயே புகுகின்றது.

1901ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில், காற்றை ஊதித் தூசி போக்கும் கருவி ஒன்றைப் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத் கண்டார். பறந்த தூசி மீண்டும் படிந்தது. ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்னவென்று எண்ணிய அவர், நாற்காலி மெத்தைமீது கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது, ஆனால் துணியில் தூசி ஒட்டியிருந்தது. அவர் அமைத்த பெரும்பொறி குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சாளரங்களின் வழியே வீட்டினுள் செல்லும். செல்வர்க்கே அது எட்டிற்று.

அதனைக் கைக்கடக்கமாக்கும் வழியைக் கண்டவர், அமெரிக்க நாட்டுக் கான்டன் நகரில் கட்டடம் பெருக்கிய ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர். ஆஸ்துமா நோயாளியான அவருக்குத் தூசியே பகை. 1907இல் விசிறி மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஒரு கருவி செய்தார். 1908இல் உரிமம் பெற்றார். தோற்பொருள் வணிகரான ஹூவர் அவ்வுரிமையை வாங்கி உலகெங்கும் பரப்பினார்.

நம் நாட்டில் 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம், வீடு வீடாகச் சென்று இக்கருவியை விற்றது. ஆயினும், கூலிக்குப் பெருக்குவோர் பலரின் கையில் இன்றும் துடைப்பமே உள்ளது. பெருக்குபவர் ஒருவரின் மூச்சுத் திணறலில் பிறந்த கருவி, அவரைப் போன்றோர்க்கு இன்னும் எட்டவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.