முன்வேகமும் ஜாக்கியின் கணக்கும்

1986 ஜூன் மாதம் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் டான்சிங் பிரேவ் என்ற குதிரை அரைக் குதிரை நீளத்தில் ஷாரஸ்தானியிடம் தோற்றது. அக்டோபரில் பாரிஸின் லாங்ஷாம்ப் மைதானத்தில் ஆர்க் த திரியோம்ஃப் பந்தயத்தை அதே குதிரை ஒன்றரை நீளத்தில் வென்றது. ஷாரஸ்தானி நான்காவதாக வந்தது. தூரம் இரண்டிலும் ஏறக்குறைய 2,400 மீட்டர். எப்சமில் சவாரி செய்தவர் கிரெவில் ஸ்டார்க்கி, லாங்ஷாம்பில் பாட் எடரி. தோல்விப் பழி முழுவதும் ஸ்டார்க்கியின் தலையில் விழுந்தது.

அந்தப் பழி பாதிதான் நியாயம். இரு ஜாக்கிகளும் கையாண்டது ஒரே உத்தி: குதிரையைப் பின்வரிசையில் அடக்கி வைத்து, இறுதி நேர்ப்பாதையில் வெளிப்புறமாகப் பாயவிட்டார்கள். மாறியது முன்னால் ஓடியவற்றின் வேகம். எப்சமில் தொடக்க ஓட்டம் மந்தமாக இருந்ததால் முன்னணிக் குதிரைகளிடம் கடைசிவரை தெம்பு மிச்சமிருந்தது. போதாக்குறைக்கு, டாட்டனம் வளைவின் இறக்கத்தில் டான்சிங் பிரேவ் நிலைகொள்ளத் தடுமாறியது. லாங்ஷாம்பில் வேகம் கடுமை. வெற்றி நேரமான 2 நிமிடம் 27.7 விநாடி அப்போது அந்தப் பந்தயத்தின் சாதனை. முன்னால் ஓடியவை தளரத் தொடங்கியபோது எடரி வந்துசேர்ந்தார். ஸ்டார்க்கி திறமையற்றவர் என்பதும் பொருந்தாது: டெர்பிக்கு அடுத்த மாதமே இதே குதிரையில் எக்லிப்ஸ் பந்தயத்தை நான்கு நீளத்தில் வென்றவர் அவர். எப்சமில் அவர் தவறியது ஒன்றில்தான். ஓட்டம் மந்தம் என்று தெரிந்தபின்னும் காத்திருந்தார்.

குதிரையின் கால்வேகத்தை ஜாக்கி கூட்டிவிட முடியாது. அதன் ஆற்றலை எந்த இடத்தில் செலவழிப்பது என்பதே அவர் கையில் இருக்கிறது. முந்தி ஓடுவதும் பின்தங்கி ஓடுவதும் தம்மளவில் சரியோ தவறோ அல்ல. 1985 டெர்பியில் ஸ்டீவ் காதன் ஸ்லிப் ஆங்கரைத் தொடக்கம் முதல் முன்னணியில் வைத்தே 7 நீளத்தில் வென்றார். வேகத்தை வகுத்தவர் அவர், மற்றவர்கள் அதற்கு ஆடினார்கள்.

எதிர்முனையில் நிற்கிறது 2022 கென்டக்கி டெர்பி. முதல் கால் மைல் 21.78 விநாடியில் கடந்தது. அந்தப் பந்தய வரலாற்றிலேயே மிக வேகமான தொடக்கம் அது. அந்த வேகத்தை இழுத்துச் சென்ற சம்மர் இஸ் டுமாரோ கடைசியாக வந்தது. 80-க்கு 1 என்ற பந்தய விலையில் நின்ற ரிச் ஸ்ட்ரைக்கை, வெளிக்கோடியான 20-ஆம் வாயிலிலிருந்து புறப்பட்ட சோனி லியான் உடனே உட்புற வேலியை நோக்கி இழுத்தார். பெருங்கூட்டம் அவருக்கு முன்னால் போனது. வளைவில் வேலியோரமாகவே ஒவ்வொன்றாகத் தாண்டினார். நேர்ப்பாதையில் களைத்துப்போன மெசியர் என்ற குதிரை குறுக்கே நிற்க, வெளியே ஒதுங்கி அதைச் சுற்றி, மறுபடி வேலிக்கே திரும்பினார். முன்னால் எபிசென்டர், ஜான்டன் என்ற குதிரைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்க, உள்ளிருந்து வந்து முக்கால் நீளத்தில் வென்றார். வேலியோரம் ஓடியதால் தூரம் மிச்சம். ஆனால் வேலியோரச் சந்து அடைபட்டிருந்தால் இதே சவாரியை மூடத்தனம் என்றிருப்பார்கள்.

ஆகவே வெற்றி எண்ணிக்கையை வைத்து ஜாக்கியை எடைபோடுவது தவறான அளவுகோல். பெயர் பெற்றவருக்கே நல்ல குதிரைகள் கிடைப்பதால், அந்த எண்ணில் குதிரையின் பங்கும் சவாரியின் பங்கும் பிரிக்க முடியாமல் கலந்துகிடக்கின்றன. ஒவ்வொரு 200 மீட்டருக்கும் ஒவ்வொரு குதிரையும் எடுத்த நேரத்தையும், வளைவில் அது வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடியது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். முடிவுப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.