கல்விக்குப் பிணை நிற்போர்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பருத்திப்பட்டு ஏரியை அடுத்து வாழும் ஒரு தந்தையார் ஒரு பத்திரத்துடன் நம்மிடம் வந்தார். மகனுக்குப் பொறியியல் படிப்பு. வங்கியில் கேட்ட கடன் 4 இலட்சம் ரூபாயைத் தாண்டியதால் மூன்றாமவர் ஒருவரின் பிணை வேண்டுமாம். "ஹஜ்ரத், தாங்கள் ஒரு கையொப்பம் இட வேண்டும்" என்றார். வட்டி உண்பவரை மட்டுமன்றி, கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சி நிற்பவரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்ததாக வரும் நபிமொழியை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக் கொடுப்பவர் நாம். பேனாவை எடுக்கக் கை வரவில்லை. அவரை வெறுங்கையுடன் அனுப்பவும் மனம் வரவில்லை.

கடன்பட்டுக் கற்பது நம் முன்னோரிடம் வேரூன்றிய வழக்கமன்று. ஹிஜ்ரி 2இல் நிகழ்ந்த பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள், மீட்புப் பணம் இல்லாத எழுத்தறிந்தோர், மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்பர் வரலாற்றாசிரியர். அங்கே கல்வி கடனைத் தீர்த்தது. 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸாவில் மாணவரின் உணவுக்கும் உறைவிடத்துக்கும் வக்பு வருமானமே துணை நின்றது. நம் நாட்டு அரபு மதரஸாக்களும் அவ்வழியில் வந்தவையே. நாமும் ஊரார் இட்ட சோற்றை உண்டு ஓதியவர்தாம். ஓதி முடித்தபின் எவரும் கணக்குக் கேட்கவில்லை.

உலகக் கல்விக்கும் இம்மரபு நீண்டது. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் எழுந்தபோது, வணிகப் பெருமக்கள் தம் பொருளை அள்ளி வழங்கினர்.

1984இல் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. காலப்போக்கில் அவை மாநிலத்தில் 500ஐக் கடந்தன. ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலும் பல எழுந்தன. அறிவு வீட்டு வாசலுக்கு வந்தது, கட்டணச் சீட்டும் உடன் வந்தது. 2001இல் வங்கிகளுக்கான மாதிரிக் கல்விக்கடன் திட்டம் பிறந்தது. படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அன்று தவணை தொடங்கும் என்பது அன்றைய விதி. 2009இல் மத்திய அரசு, ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்து மாணவர்க்குப் படிப்புக்கால வட்டியைத் தானே ஏற்றது. அதன் பிறகு ஓடும் வட்டி மாணவனுடையது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் இக்கடனால் பட்டம் பெற்றனர் என்பதை மறுப்பது நீதியாகாது.

ஆயினும் இக்கடன் மாணவனோடு நிற்பதில்லை. தந்தை உடன்கடனாளி; ஆகவே தங்கையின் நிக்காஹ் தள்ளிப்போகிறது. பிணை நின்றவர் தொழுகை வரிசையில் அத்தந்தையை விட்டு விலகி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். 2016இல் மதுரையில் பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார்; கல்விக்கடன் வசூலிப்போரின் நெருக்குதலே காரணம் எனக் குடும்பத்தார் கூறினர்.

பிணை என்பது நம் மார்க்கத்தில் பெருஞ்சொல். கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபிகளார் (ஸல்) தயங்கியபோது, "அது என் பொறுப்பு" என ஏற்றார் அபூகதாதா (ரலி). பின்னர் வெற்றிகளால் செல்வம் வந்தபோது, தீர்க்க வழியின்றிக் கடன் விட்டுச் செல்வோரின் பொறுப்பை நபிகளாரே ஏற்றார்கள். ஜக்காத் பெறும் எட்டு வகையினருள் கடனாளிகளும் உள்ளனர். இவ்வளவும் அறிந்த நாம், மிம்பரில் வட்டியைச் சாடுவதோடு இறங்கிவிடுகிறோம். மினாராவுக்கு வசூலிக்கும் ஜமாஅத்துகள் பல. மாணவர் கட்டணத்துக்கு அழகிய கடன் நிதி வைத்தவை எத்தனை?

அத்தந்தையாருக்கு நாம் கையொப்பம் இடவில்லை. ஐந்து பேர் சேர்ந்து முதலாண்டுக் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாகத் திரட்டிக் கொடுத்தோம். அடுத்த ஆண்டு நம் கை சுருங்கியது. அவர் வேறொருவரைப் பிணையாக நிறுத்தி வங்கிக்கே சென்றார். நம்மிடம் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. மகன் வேலைக்குச் சென்றபின், நாம் கொடுத்ததை மாதம் ஆயிரமாகக் கொண்டுவந்து தீர்த்தான். வங்கிக் கடன் இன்னும் தீரவில்லை என்று சென்ற ரமளானில் சொன்னான்.